ஆபீஸில் ஒரு யூசர்நேம், வீட்டில் வேறொன்று: சம்பளக் கோப்பைப் பூட்டும் சாவிகளை எப்படிப் பகிர்வது?

கேள்வி:

சார், வணக்கம். மதுரை காளவாசலில் சின்னதாக ஆபீஸ் வைத்து, கப்பலூர் சிட்கோவில் உள்ள சில கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். சம்பளக் கோப்பை ஜிபிஜி மென்பொருளில் என்கிரிப்ட் செய்து, எங்கள் டிஜிட்டல் கையெழுத்தும் சேர்த்து, பணம் பட்டுவாடா செய்யும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் ஒரு பேட்ச் ஃபைல் எழுதிக் கொடுத்தார். அதை டபுள் கிளிக் செய்தால் வேலை முடிந்துவிடும்.

மாதக் கடைசியில் திருநகர் வீட்டிலிருந்தும் வேலை பார்க்க வேண்டியிருப்பதால், ஜிபிஜி தன் சாவிகளை வைத்திருக்கும் நூபிஜி ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து வந்து லேப்டாப்பில் போட்டேன். சாவிகளைப் பட்டியலிட்டுக் காட்டும் கிளியோபாட்ரா மென்பொருளில் சாவிகள் எல்லாம் தெரிந்தன. ஆனால் பேட்ச் ஃபைல் ஓடவில்லை. ஆபீஸில் யூசர்நேம் 'ஆபீஸ்'. வீட்டில் என் பெயரில் பாதி மட்டும் இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. என் அண்ணன் மகன் லேப்டாப்பில் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் 'ஆபீஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, அதே சாவிகளை அங்கேயும் போட்டுக் கொடுத்தான். ஓடியது.

போன மாதம் பட்டுவாடா நிறுவனம் தன் சாவியை மாற்றியது. மெயிலில் வந்த புதுச் சாவியைக் கிளியோபாட்ராவில் ஏற்றினேன். பட்டியலில் தெரிகிறது. ஆனாலும் வீட்டிலிருந்து அனுப்பிய கோப்பு திறக்கவில்லை, பழைய சாவியில் பூட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே யூசர்நேம் வைத்துவிடட்டுமா? அல்லது அந்த ஃபோல்டரை ஒன்டிரைவில் போட்டு இரண்டுக்கும் பொதுவாக்கிவிடலாமா? லேப்டாப்பைப் பையனும் படிக்க எடுப்பான். பென்டிரைவ் ஒன்றுதான், ஜெராக்ஸ் கடைக்கும் அதுதான் போகும்.

— ஒரு வாசகி, மதுரை

பதில்:

வணக்கம். யூசர்நேமை மாற்ற வேண்டாம். ஒன்டிரைவிலும் போட வேண்டாம். உங்கள் கோளாறு சின்னது, ஒரு மாலைப் பொழுதில் சரி செய்துவிடலாம். ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன பென்டிரைவ்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதற்கும் வருகிறேன்.

முதலில், கண் முன்னே இருக்கும் புதுச் சாவியை விட்டுவிட்டுப் பேட்ச் ஃபைல் ஏன் பழைய சாவியை எடுத்தது என்று பார்ப்போம். உங்கள் லேப்டாப்பில் இப்போது இரண்டு சாவிக் கொத்துகள் இருக்கின்றன. ஒன்று உங்கள் சொந்த யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா, ரோமிங், நூபிஜி என்ற இடத்தில். இன்னொன்று, அண்ணன் மகன் உருவாக்கிய 'ஆபீஸ்' ஃபோல்டருக்குள். கிளியோபாட்ரா எப்போதும் முதலாவதைத்தான் பார்க்கும். பேட்ச் ஃபைலுக்குள், சாவிக் கொத்து இருக்கும் இடத்தைச் சொல்லும் 'ஹோம்டிர்' என்ற ஆப்ஷன் கொடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரின் முழுப் பாதையையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் அது இரண்டாவதைப் பார்க்கிறது. ஒரே கடைக்கு இரண்டு பேரேடு வைத்து, வரவை ஒன்றில் எழுதி, பாக்கியை இன்னொன்றில் பார்த்த கதை இது. புதுச் சாவி முதல் கொத்தில் ஏறியது. பூட்டியது இரண்டாவது கொத்திலிருந்து.

இதை நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஜிபிஜி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடு போட்டு வெர்ஷன் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். வரும் வரிகளுக்கு நடுவே 'ஹோம்' என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும். சாவிகளை எங்கே தேடுகிறேன் என்று ஜிபிஜி தன் வாயால் சொல்லும் வரி அதுதான். இப்போது பேட்ச் ஃபைலை நோட்பேடில் திறந்து, ஹோம்டிருக்குப் பக்கத்தில் உள்ள பாதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கும்.

யூசர்நேம் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே பெயர் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். விண்டோஸ் ஒருவரைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் எஸ்ஐடி என்ற ஒரு நீண்ட எண் உண்டு. இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே பெயரில் அக்கவுண்ட் தொடங்கினாலும் அந்த எண் வேறாகத்தான் இருக்கும். விண்டோஸின் சொந்தக் கோப்புப் பூட்டான இஎஃப்எஸ்ஸில் பூட்டிய கோப்பு, அதே பெயருள்ள வேறு கம்ப்யூட்டரில் திறக்காமல் போவதற்கும் இதுதான் காரணம். அதற்குரிய சான்றிதழைத் தனியாக எடுத்துக் கொண்டு போனால்தான் திறக்கும். ஆனால் ஜிபிஜி அந்த ரகம் இல்லை. உங்கள் ரகசியச் சாவியைக் காப்பது நீங்கள் வைத்த பாஸ்ஃபிரேஸ், அதாவது நீளமான கடவுச்சொல், மட்டுமே. விண்டோஸ் பெயரோ, எண்ணோ அதற்குத் தேவையில்லை. ஆக, பெயர் வேறாக இருப்பதால் ஜிபிஜிக்கு ஒரு குறையும் இல்லை. பெயரைப் பாதைக்குள் எழுதி வைத்தவர்தான் சிக்கலைத் தொடங்கி வைத்தார்.

வீட்டில் ஏன் பாதிப் பெயர்? மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து லேப்டாப்பை முதன்முதலில் அமைக்கும்போது, உங்கள் மெயில் முகவரியின் முதல் ஐந்து எழுத்தை எடுத்து விண்டோஸ் அந்த ஃபோல்டருக்குப் பெயராக வைத்துவிடும். பிறகு செட்டிங்ஸில் பெயரை எப்படி மாற்றினாலும், ஃபோல்டர் பெயர் அப்படியேதான் இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் போய் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பாதையை நம்பி ஏற்கெனவே குடியிருக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ணும்.

அந்த நூபிஜி ஃபோல்டருக்குள் இருப்பதெல்லாம் ஒரே வகை இல்லை என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். சில பொருள்கள் உங்களுடையவை: உங்கள் ரகசியச் சாவி, மற்றவர்களுக்கு அனுப்பும் கோப்பைப் பூட்ட உதவும் அவர்களின் பொதுச்சாவிகள், யாரை எவ்வளவு நம்புகிறீர்கள் என்ற குறிப்பு. இவை நீங்கள் போகும் இடத்துக்கெல்லாம் வரலாம். சில பொருள்கள் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியவை. உதாரணமாக, ஜிபிஜியின் பழைய பதிப்புகளில் எஸ் புள்ளி ஜிபிஜி ஏஜென்ட் என்ற பெயரில் ஒரு குட்டிக் கோப்பு இங்கே இருக்கும். பின்னணியில் ஓடும் ஏஜென்ட் நிரலை எந்த போர்ட் எண்ணில் பிடிக்க வேண்டும் என்பது விண்டோஸில் அதற்குள்தான் எழுதியிருக்கும். ஆபீஸில் அன்றைக்கு ஓடிய எண் வீட்டில் எதற்கும் உதவாது. செட்டிங்ஸ் கோப்புகளிலும் இதே பிரிவினைதான். உங்கள் சாவி எது, எல்லாக் கோப்பையும் எனக்கும் சேர்த்துப் பூட்டு என்று சொல்லும் வரிகள் சாவியின் எண்ணைச் சொல்வதால் எங்கேயும் செல்லும். நடந்ததைப் பதிவு செய்யும் லாக் கோப்பை இங்கே எழுது, பாஸ்ஃபிரேஸ் கேட்கும் நிரல் இங்கே இருக்கிறது என்று முழுப் பாதை சொல்லும் வரிகள் அடுத்த கம்ப்யூட்டரில் காலை வாரும். ஃபோல்டரை மொத்தமாக அள்ளிக் கொண்டு வருவதில் உள்ள கஷ்டம் இதுதான்.

அதனால் வீட்டு லேப்டாப்பில் புதிதாகத் தொடங்குங்கள் என்பதே என் யோசனை. பையனும் அதே லேப்டாப்பை எடுப்பதால், முதல் வேலையாக ஆபீஸ் வேலைக்கென்று தனி விண்டோஸ் அக்கவுண்ட் ஒன்று தொடங்குங்கள். பையனுடைய அக்கவுண்டை அட்மினாக இல்லாமல் சாதாரண யூசராக வையுங்கள். ஒரே பெயர் வேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள். நான் இன்னொரு பெயரையும் கூட்டச் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. விண்டோஸ் தானாக உருவாக்கும் யூசர் ஃபோல்டருக்குள் அந்த யூசரும் அட்மினும் மட்டும்தான் நுழைய முடியும். ஆனால் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் கையால் ஒரு ஃபோல்டர் உருவாக்கினால், அந்த லேப்டாப்பில் அக்கவுண்ட் வைத்திருக்கும் எல்லோரும் அதைத் திறந்து படிக்கலாம். அண்ணன் மகன் நல்ல மனதோடுதான் உதவினான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் உருவாக்கிய 'ஆபீஸ்' ஃபோல்டரில் உங்கள் ரகசியச் சாவி எல்லோர் கைக்கும் எட்டும்படி கிடக்கிறது.

புது அக்கவுண்டில், ஜிபிஜியும் கிளியோபாட்ராவும் சேர்ந்த ஜிபிஜி4வின் மென்பொருளைத் திறந்து பாருங்கள். சாவி எதுவும் இருக்காது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிளியோபாட்ராவைத் திறந்து, உங்கள் சாவியின் மேல் ரைட் கிளிக் செய்து, 'பேக்கப் சீக்ரெட் கீஸ்' கொடுங்கள். ஒரே ஒரு கோப்பு கிடைக்கும். அதுவும் உங்கள் பாஸ்ஃபிரேஸால் பூட்டப்பட்டுத்தான் இருக்கும். பிறகு, பட்டுவாடா நிறுவனத்தின் புதுப் பொதுச்சாவியை மட்டும் தேர்ந்தெடுத்து 'எக்ஸ்போர்ட்' கொடுங்கள். ஆபீஸிலும் புதுச் சாவி ஏறியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். இந்த இரண்டு கோப்புகள் மட்டும் வீட்டுக்கு வந்தால் போதும். வீட்டில் இம்போர்ட் செய்யும்போது, இது உங்கள் சொந்தச் சாவியா என்று கிளியோபாட்ரா கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். அந்தக் கேள்வியை அவசரத்தில் மூடிவிட்டவர்களுக்கு அடுத்த பத்தியில் உள்ள சிக்கல் எளிதில் தீராது.

இவ்வளவு செய்த பிறகும், பேட்ச் ஃபைலை ஓட்டினால் ஒரு பிழைச் செய்தி வரக்கூடும். இந்தச் சாவி இன்னாருடையதுதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, பயன்படுத்த முடியாத பொதுச்சாவி என்ற பொருளில் இரண்டு வரி வரும். ஆபீஸில் இதே சாவி வேலை செய்கிறதே என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். ஆபீஸில் அந்த நிறுவனத்தின் சாவியை யாரோ ஒருமுறை சரிபார்த்து, உங்கள் சாவியால் சான்று போட்டு வைத்திருப்பார்கள். 'எனக்கு மட்டும்' என்ற வகையில் போட்ட சான்று எக்ஸ்போர்ட் செய்யும்போது கூட வராது. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் வந்து இறங்கியது வெறும் சாவி, சான்று இல்லாத சாவி.

இந்தக் கட்டத்தில் இணையத்தில் தேடினால், எந்தச் சாவியை நம்பலாம் என்று தீர்மானிக்கும் டிரஸ்ட் மாடலை ஆல்வேஸ் என்று மாற்றிவிடு, பிழை போய்விடும் என்று பதில் கிடைக்கும். போய்விடும்தான். கூடவே, யார் எந்தச் சாவியை அனுப்பினாலும் கேள்வி கேட்காமல் பூட்டும் நிலைமையும் வந்துவிடும். நூற்றுக்கணக்கானவர்களின் சம்பளக் கணக்கு எண்கள் உள்ள கோப்புக்கு இது கூடவே கூடாது. நிறுவனத்தின் பெயரில் ஒரு போலி மெயில், அதோடு ஒரு போலிச் சாவி வந்தால் போதும், நீங்களே பத்திரமாகப் பூட்டித் திருடன் கையில் கொடுத்துவிடுவீர்கள். நீங்கள் ஏற்றிய புதுச் சாவியும் மெயிலில்தான் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யாரிடமாவது கேட்டுச் சரிபார்த்ததாக எழுதவில்லை.

எனவே ஒரு போன் கால் செய்யுங்கள். சாவி வந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு வேண்டாம். ஒப்பந்தம் போட்டபோது கொடுத்த எண், இத்தனை மாதமாக நீங்கள் பேசி வரும் எண், அதற்குக் கூப்பிடுங்கள். கிளியோபாட்ராவில் அந்தச் சாவியை டபுள் கிளிக் செய்தால், அதன் அடையாளமான ஃபிங்கர்பிரிண்ட் தெரியும். வழக்கமாக 40 எழுத்துகள், நாலு நாலாகப் பிரித்து 10 கொத்துகள். எதிர் முனையில் இருப்பவரைப் படிக்கச் சொல்லி, நீங்கள் பார்த்துக்கொண்டே வாருங்கள். நீங்கள் படித்து அவர் 'ம்... சரி சரி' என்று சொல்வது சரிபார்ப்பு ஆகாது. அதில் வரும் ஆங்கில எழுத்துகள் ஏ முதல் எஃப் வரை ஆறே ஆறுதான். ஆனால் போனில் பி, சி, டி, இ எல்லாம் ஒன்று போலக் கேட்கும். பி ஃபார் பாம்பே, டி ஃபார் டெல்லி என்று சொல்லச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. 10 கொத்தும் ஒத்துப் போனால், கிளியோபாட்ராவில் 'செர்டிஃபை' கொடுத்து உங்கள் பாஸ்ஃபிரேஸை அடியுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அதே ஃபிங்கர்பிரிண்ட்தானா என்று அடுத்த நாள் பார்த்து, அங்கேயும் செர்டிஃபை செய்துவிடுங்கள். சரிபார்த்த ஃபிங்கர்பிரிண்டை ஒரு காகிதத்தில் எழுதி, தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். அடுத்த முறை அவர்கள் சாவி மாற்றும்போது ஒப்பிட உதவும்.

பேட்ச் ஃபைலுக்கு வருவோம். நோட்பேடில் திறந்து, ஹோம்டிர் என்ற ஆப்ஷனையும் அதன் பாதையையும் முழுதாக அழித்துவிடுங்கள். அது இல்லாவிட்டால், எந்த யூசர் ஓட்டுகிறாரோ அவருடைய சாவிக் கொத்தை ஜிபிஜி தானாகவே எடுத்துக்கொள்ளும். ஆபீஸில் 'ஆபீஸ்' யூசருடையது, வீட்டில் உங்களுடையது. பகிர்வதற்கான முழு ரகசியமும் இந்த ஒரு வரியை அழிப்பதில் இருக்கிறது. ஜிபிஜி நிரலின் முழுப் பாதையும் எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிட்டு வெறுமனே ஜிபிஜி என்று வையுங்கள். நிறுவும்போதே விண்டோஸுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம் சம்பளக் கோப்பு இருக்கும் இடம். ஆபீஸ் யூசரின் டெஸ்க்டாப் என்று எழுதியிருப்பார்கள். யூசர்ப்ரொஃபைல் என்ற சொல்லை இரண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு எழுதினால், அந்தந்த யூசரின் ஃபோல்டரை விண்டோஸே நிரப்பிக்கொள்ளும். ஆனால் டெஸ்க்டாப்புக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒன்டிரைவ் பேக்கப் ஓடும் லேப்டாப்புகளில் டெஸ்க்டாப்பே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறியிருக்கும். பாதை தப்பாகிவிடும் என்பது ஒரு தொல்லை. பூட்டாத சம்பளக் கோப்பு உங்களுக்கே தெரியாமல் மேகத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் என்பது அதைவிடப் பெரிய தொல்லை. இன்றைக்கே டாஸ்க்பாரில் அந்த நீல மேகச் சின்னத்தைக் கிளிக் செய்து, டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் பேக்கப் ஆகின்றனவா என்று பாருங்கள்.

நான் செய்வது இப்படி: புது அக்கவுண்டின் யூசர் ஃபோல்டருக்குள், டெஸ்க்டாப்புக்கும் டாக்குமென்ட்ஸுக்கும் வெளியே, சம்பளம் என்று ஒரு ஃபோல்டர். பேட்ச் ஃபைலும் சம்பளக் கோப்பும் அதற்குள்ளேயே. பேட்ச் ஃபைலில் பாதைக்குப் பதிலாகச் சதவீதக் குறி, அலைக்கோடு, டி, பி, பூஜ்யம் என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதினால், 'நான் எங்கே இருக்கிறேனோ அந்த ஃபோல்டர்' என்று பொருள். யூசர்நேம் எதுவாக இருந்தாலும், பாதை எதுவாக இருந்தாலும் ஒரே பேட்ச் ஃபைல் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓடும். பாதையின் இரு பக்கமும் இரட்டை மேற்கோள் குறி போட மறக்காதீர்கள். யூசர்நேமில் இனிஷியலுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தால்கூட, மேற்கோள் இல்லாத பாதை அந்த இடத்திலேயே முறிந்துவிடும்.

இன்னொரு மாற்றமும் செய்யுங்கள். பேட்ச் ஃபைலில் யாருக்குப் பூட்ட வேண்டும் என்ற இடத்தில் அந்த நிறுவனத்தின் மெயில் முகவரி இருக்கும். அதை எடுத்துவிட்டு, போனில் சரிபார்த்த 40 எழுத்து ஃபிங்கர்பிரிண்டை இடைவெளி இல்லாமல் வையுங்கள். பழைய சாவிக்கும் புதுச் சாவிக்கும் மெயில் முகவரி ஒன்றேதான். ஃபிங்கர்பிரிண்ட் ஒன்றாக இருக்கவே முடியாது. அந்தக் குறிப்பிட்ட சாவி கிடைக்காவிட்டால் பேட்ச் ஃபைல் பிழை காட்டி நின்றுவிடும். சத்தமில்லாமல் பழைய சாவியில் பூட்டி அனுப்பி, ஏழாம் தேதி நெருங்கும்போது 'திறக்கவில்லை' என்று பதில் வருவதைவிட, உங்கள் மேசையிலேயே நின்றுவிடுவது எவ்வளவோ மேல்.

ஒன்டிரைவில் நூபிஜி ஃபோல்டரைப் பொதுவாக வைப்பது ஏன் வேண்டாம் என்றால், மேலே சொன்ன கம்ப்யூட்டருக்கு உரிய கோப்புகளும் சேர்ந்து அங்குமிங்கும் ஓடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சாவிக் கோப்பு மாறினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதி, முரண்பட்ட பிரதி என்று இன்னொன்று உருவாகும். எது சரி என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதைவிட முக்கியமாக, ரகசியச் சாவியின் இன்னொரு பிரதி உங்கள் கையை விட்டுப் போகிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மாறும் பொதுச்சாவிக்காக இவ்வளவு ஆபத்து தேவையே இல்லை. மாறும்போது இரண்டு இடத்திலும் கையால் ஏற்றிக்கொள்ளலாம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வீட்டிலிருந்து அனுப்பும் கோப்பில் கையெழுத்து கட்டாயமா? பூட்டுவதற்கு அவர்களுடைய பொதுச்சாவி மட்டும் போதும். உங்கள் ரகசியச் சாவி தேவைப்படுவது கையெழுத்துப் போடவும், அவர்கள் அனுப்பும் பதில் கோப்பைத் திறக்கவும்தான். வீட்டில் கோப்பைத் தயார் செய்து பூட்டி மட்டும் வைத்துவிட்டு, கையெழுத்து வேலையைக் காலையில் ஆபீஸில் செய்ய முடியும் என்றால், ரகசியச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். அப்படிச் செய்வதானால், வீட்டில் உங்கள் பொதுச்சாவியையும் ஏற்றி, கோப்பை உங்கள் பெயருக்குப் பூட்டி எடுத்துச் செல்லுங்கள். ஆபீஸில் திறந்து, கையெழுத்துச் சேர்த்து, அவர்களுக்குப் பூட்டி அனுப்பலாம். இப்படி ஏற்பாடு செய்துகொண்டால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். திருநகருக்கும் காளவாசலுக்கும் நடுவில் ரகசியச் சாவி அலையாமல் ஓர் இடத்தில் இருக்கும். இந்த வழியில் வீட்டில் செர்டிஃபை செய்ய ரகசியச் சாவி இருக்காது என்பதால், உங்கள் பொதுச்சாவியின் ஃபிங்கர்பிரிண்டை ஆபீஸில் எழுதி எடுத்து வந்து ஒப்பிட்டுவிட்டு, அது உங்கள் சொந்தச் சாவி என்று நம்பிக்கை அளவை அமைத்துவிடுங்கள்.

பென்டிரைவ். நூபிஜி ஃபோல்டரை அப்படியே எடுத்து வந்தபோது, அதில் உங்கள் ரகசியச் சாவியும் வந்தது, சாவியை ரத்து செய்யும் சான்றிதழும் வந்தது. சாவி உருவாக்கும்போதே ஜிபிஜி அந்த ரத்துச் சான்றிதழைத் தயாரித்து, ஓபன்பிஜிபி ரெவோக்ஸ் என்ற உள் ஃபோல்டரில் வைத்துவிடும். அதே பென்டிரைவை ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் சொருகியிருக்கிறீர்கள். அழித்துவிட்டேன் என்று நீங்கள் சொன்னாலும், பென்டிரைவில் டெலீட் செய்த கோப்பை மீட்பது பெரிய வித்தை இல்லை. பாஸ்ஃபிரேஸ் ஒன்றுதான் இப்போது நடுவில் நிற்கிறது. அது நீளமாக, நாலைந்து சம்பந்தமில்லாத சொற்களாக இருந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். போன் நம்பர், பையன் பெயரோடு பிறந்த வருடம், கம்பெனி பெயரோடு 123 என்ற வகையாக இருந்தால், இந்தச் சாவியைத் தொலைந்து போனதாகவே கருதுங்கள். இப்போது போய்ப் பாஸ்ஃபிரேஸை மாற்றினாலும், பென்டிரைவில் போன பிரதிக்குப் பழைய பாஸ்ஃபிரேஸ்தான் தொடரும். மாற்றியதால் பயன் இருக்காது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதுச் சாவி உருவாக்கி, பட்டுவாடா நிறுவனத்திடம் போனில் ஃபிங்கர்பிரிண்ட் சொல்லி மாற்றச் செய்து, அவர்கள் மாற்றிய பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். பழைய ரகசியச் சாவியை மட்டும் ஆபீஸில் பத்திரமாக வையுங்கள், முன்பு வந்த பதில் கோப்புகளைத் திறக்க அது வேண்டியிருக்கும்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு, அந்தக் கோப்பில் இருக்கும் மனிதர்கள்தான் காரணம். கப்பலூரில் ஷிப்ட் முடித்துப் பஸ் ஏறும் ஒருவருக்குத் தன் வங்கிக் கணக்கு எண் காளவாசலில் யார் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று தெரியாது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது. அந்தச் சட்டம் முதலில் கேள்வி கேட்பது உங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனியை. கம்பெனி அடுத்துத் திரும்புவது உங்களை நோக்கி.

இனி சாவிக்கென்று தனிப் பென்டிரைவ் ஒன்று வாங்குங்கள். அதில் சாவியின் பேக்கப் மட்டும். வேலை முடிந்ததும் பீரோவுக்குள். ரத்துச் சான்றிதழைப் பிரிண்ட் எடுத்து வைப்பது நல்லது, ஆனால் உங்கள் சொந்தப் பிரிண்டரில். பழைய பென்டிரைவை முழு ஃபார்மட் செய்யுங்கள், குவிக் ஃபார்மட் வேண்டாம். அதன் பிறகும் அதை வெளியே எடுத்துப் போகாமல் இருப்பதே நல்லது.

இதே கேள்வியோடு உபுண்டு பயன்படுத்தும் வாசகர்களும் இருப்பீர்கள். உங்களுக்கும் விதி ஒன்றுதான்: ஹோம் ஃபோல்டரைச் சொல்ல அலைக்கோட்டையோ, ஹோம் மாறியையோ எழுதுங்கள், முழுப் பாதை வேண்டாம். சூடோ போட்டுக் காப்பி செய்தால் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், பாதுகாப்பற்ற உரிமை என்று ஜிபிஜி எச்சரிக்கும். உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றி, ஃபோல்டருக்கு 700, கோப்புகளுக்கு 600 என்று அனுமதி கொடுங்கள். தண்டர்பேர்டில் மெயிலைப் பூட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து அது தனக்கென்று தனிச் சாவிக் கொத்து வைத்திருக்கிறது. கிளியோபாட்ராவில் ஏற்றிய சாவி அங்கே தெரியாது, தனியாக ஏற்ற வேண்டும்.

வாசகிக்குத் திரும்புகிறேன். எல்லாம் சரியான பிறகு, லேப்டாப்பில் அண்ணன் மகன் உருவாக்கிய 'ஆபீஸ்' ஃபோல்டரையும், உங்கள் பழைய அக்கவுண்டில் உள்ள நூபிஜி ஃபோல்டரையும் நீக்க வேண்டும். நீக்குவதற்கு முன், ஆபீஸில் இல்லாத சாவி ஏதாவது அவற்றில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து, இருந்தால் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். லேப்டாப்பின் டிஸ்க்கையே பூட்டும் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். மீட்பு எண்ணை லேப்டாப்புக்கு வெளியே எழுதி வைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

நிஜச் சம்பளக் கோப்பைத் தொடுவதற்கு முன், 'சோதனை' என்று ஒரே ஒரு வரி உள்ள கோப்பை இரண்டு கம்ப்யூட்டரிலிருந்தும் தனித்தனியாக அனுப்புங்கள். ரகசியச் சாவியை ஆபீஸிலேயே நிறுத்திவிட்டீர்கள் என்றால் வீட்டுக் கோப்பை ஆபீஸ் வழியாக அனுப்பிச் சோதியுங்கள். இரண்டும் திறந்தனவா, கையெழுத்து சரியாக இருக்கிறதா, எந்தச் சாவியில் பூட்டியிருந்தது என்று அவர்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மாதம் 20-ஆம் தேதி வாக்கில் செய்தால் கோளாறு இருந்தாலும் திருத்த நேரம் இருக்கும். ஏதாவது பிழைச் செய்தி வந்தால், அதை அப்படியே எழுதி அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அதில் ஊழியர் பெயரோ கணக்கு எண்ணோ தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.